டோரிஸ் வீட்டு ஜிஞ்சர்

லியோனல் வீட்டில் பீர் குடிக்கக் கூடாது. அதனால்தான் மனிதர் ஊர் ஊராகப் போய்க் குடித்தார்.

இப்படிச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எனக்கு டேஸ்ட்தான் முக்கியம் லா, குடி இல்ல" என்பார். அதில் பொய்யும் இல்லை. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஃபார்வர்டிங் கம்பெனியில் வாரமெல்லாம் கண்டெய்னர் காகிதங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கொம்யூட்டர் ரயில் ஏறிவிடுவார். காரைத் தொட மாட்டார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், அப்பா ரயில்வே கார்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன் மனுஷனே இல்லை என்பது அந்த வீட்டுச் சட்டம்.

பெரிய கம்பெனி பீர் அவருக்கு ஆகாது. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பக்கத்தில், பழைய நண்பர்கள் கூடுகிற ஒரு பார் உண்டு. அங்கே போனால் சோடா வாங்கிக்கொண்டு உட்கார்வார். "என்னப்பா லியோனல், மாமனார் மந்திரிச்சு விட்டுட்டாரா?" என்று கிண்டல் செய்வார்கள். அவர் தேடிப் போவதெல்லாம் கையால் காய்ச்சும் சின்னக் கடைகள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் ஒன்று. கோலாலம்பூர் சீனக் கடைச் சந்துக்குள், வெளியே பெயர்ப்பலகைகூட இல்லாமல் ஒன்று. கிள்ளானிலேயே பழைய மரப்பலகைக் கிட்டங்கி ஒன்றில் போன வருஷம் திறந்த ஒன்று. எல்லா இடத்திலும் அவரைத் தெரியும். கிளாஸ் வந்ததும் குடிக்க மாட்டார். மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொள்வார். மேஜையே காத்திருக்கும். "கொத்தமல்லி விதை போட்டிருக்கான்" என்பார். "இது சூட்டுல கெட்டுப் போச்சு, ஈர அட்டைப்பெட்டி வாசன அடிக்குது" என்பார். சொன்னால் சரியாக இருக்கும். அந்த மூக்கின்மேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு சின்ன கிளாஸ், அதற்கு மேல் இல்லை. பிறகு வாயில் ஒரு இருமல் மிட்டாய். இருட்டுவதற்குள் கிள்ளான் பண்டமாரானில் வீடு. மனைவி டோரிஸ் ஒன்றும் கேட்க மாட்டாள். மிட்டாய் வாசனை எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா என்ன? கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும், பதில் அவளுடைய அப்பா காதில் விழும். அதனால் கேட்காமலே ஒரு கல்யாண வாழ்க்கை ஓடிவிட்டது.

அந்த அப்பாதான் ஹென்றி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எண்பது தாண்டியவர், மெதடிஸ்ட் சபையின் தூண். லியோனல் கத்தோலிக்கர் என்பதையே அவர் பாதி மனசோடுதான் பொறுத்துக்கொண்டார். பெண் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: மது வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. லியோனல் சத்தியம் செய்தார், சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். ஆனால் வெளியே குடிக்கிற மருமகனைக் கிழவருக்குப் பிடிக்கவில்லை. மாமியார் காலமான பிறகு ஹென்றி மகள் வீட்டுக்கே குடிவந்தார். அப்போதும் ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "அவருக்குச் சாப்பாடு போடும்மா" என்று மகளிடம்தான் சொல்வார். லியோனல் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை? கிடையாது. ஒரு மனிதனை அவன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளியாக்கி வைக்க இதைவிட வேறு வழி வேண்டாம்.

கிழவரைக் குறை சொல்லியும் பயனில்லை. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவருடைய அப்பா சம்சு குடித்தே செத்தவர். கள்ளத்தனமாகக் காய்ச்சிய அந்தச் சாராயம் அந்தக் காலத்தில் தோட்டப்புறங்களில் எத்தனை வீட்டைத் தின்றது என்று கணக்கே இல்லை. அப்பா செத்த வாரத்தில் ஹென்றி கோயிலில் முழங்கால் போட்டு, இனி ஒரு சொட்டு என் நாக்கில் படாது என்று உறுதிமொழி எடுத்தார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. திருவிருந்தில்கூட அவர்கள் சபையில் திராட்சை ரசத்தைப் புளிக்க விடாமல் பழச்சாறாகத்தான் கொடுப்பார்கள். ஆகையால் அவர் சொன்ன சொல் சொன்னபடியே நின்றது.

போன கிறிஸ்மஸ் வரைக்கும் நிலைமை இதுதான்.

கிறிஸ்மஸ் வந்தால் டோரிஸ் ஜிஞ்சர் பீர் போடுவாள். பெயரில் பீர் என்று இருந்தாலும் அது குடும்பத்தோடு குடிக்கிற இனிப்புத் தண்ணீர்தான். இஞ்சியை இடித்து, எலுமிச்சையும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட்டை ஒரு சிட்டிகை தூவி, இரண்டு நாள் சாடியில் வைத்தால் லேசாக நுரை கட்டும். வடிகட்டி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவாள். சபையில் பாதிப்பேர் அவளிடம்தான் வாங்குவார்கள். ஹென்றி அந்தப் பெயரின் பின்பாதியை வாயால் சொல்ல மாட்டார். "ஜிஞ்சர்" என்பார், அவ்வளவுதான். லியோனல் கல்யாணமான புதிதில் ஒரு வாய் குடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கியவர், திரும்ப அதைத் தொடவே இல்லை.

போன கிறிஸ்மஸுக்கு முன் டோரிஸ் ஒருநாள் அலுத்துக்கொண்டாள். "ஜிஞ்சர்ல இந்த ரொட்டி ஈஸ்ட்டு வாசன போகவே மாட்டுது. கழுவின சட்டிலகூட அடிக்குது."

லியோனலுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தில் மனைவி குறைப்பட்டுக்கொள்வது அந்த வீட்டில் முதல் தடவை. சுங்கை பூலோவில் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தொழிற்சாலைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து பீர் காய்ச்சுகிற பிரவின் என்பவனிடம் கேட்டு, சுத்தமான வாசனை தரும் ஈஸ்ட் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்தார். எதற்கென்று அவனும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அது பீருக்கான ஈஸ்ட் என்று டோரிஸிடமும் சொல்லவில்லை. "நல்ல பேக்கரிக்காரன் ஈஸ்ட்" என்று சொல்லிவிட்டார். மது வாசலைத் தாண்டக் கூடாது என்றுதானே சத்தியம், ஈஸ்ட் மதுவா என்ன?

டோரிஸ் பழைய வழக்கப்படிதான் போட்டாள். ரொட்டி வாசனை போயே போய்விட்டது. ஒரே ஒரு தொல்லை, இரண்டாம் நாள் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் இனிப்பு இல்லை. அவளுக்கு காஸ்ட்ரிக், இஞ்சி ஒத்துக்கொள்ளாது, அந்த ஒரு சொட்டுக்கு மேல் குடிக்க மாட்டாள். சீனி குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொட்டினாள். மறுநாள் அதுவும் காணவில்லை. "நல்ல ஈஸ்ட்டு, சீனிய நல்லா உள்ள இழுக்குது" என்று மெச்சிக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே சாடியை வைத்து, இனிப்பு தங்குகிறவரைக்கும் சீனி போட்டுக்கொண்டே இருந்தாள். வாழ்நாளில் மதுவைப் பார்த்தே இராத ஒரு பெண்தான் இப்படி ஒரு காரியத்தை இத்தனை நிம்மதியாகச் செய்ய முடியும்.

அந்தக் கிறிஸ்மஸில் டோரிஸின் ஜிஞ்சருக்கு அப்படி ஒரு பேர்! கேரல் பாட வீட்டுக்கு வந்த கூட்டம் இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போகிற கூட்டம்தான். அன்றைக்குப் பாடிக்கொண்டே இருந்தது. பாஸ்டர் விமலன், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, அவர் நாற்காலியில் ஏறி நின்று கை தட்டினார். பிள்ளைகள் காரம் என்று முகம் சுளித்துத் தள்ளிவிட்டு ரிபெனா குடித்தார்கள். ஆண்டவர் அந்த மட்டில் காப்பாற்றினார்.

ஹென்றிக்கு அது ரொம்பவும் பிடித்துப்போனது. கிறிஸ்மஸ் முடிந்தும் வேண்டும் என்றார். வயிற்றுக்கு நல்லது, தூக்கம் நன்றாக வருகிறது என்றார். பழைய சாடியில் அடியில் தங்கிய ஈஸ்ட்டையே எடுத்து டோரிஸ் மாதம் தவறாமல் போட ஆரம்பித்தாள். சாயங்காலம் கார் போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு பெரிய கிளாஸ் ஜிஞ்சர். சில நாளில் அதற்கு மேல் இன்னொன்று.

ஒரு சாயங்காலம் லியோனல் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கிழவர், "மாப்பிள, உக்காருங்க" என்றார்.

லியோனல் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது பின்னால் வருகிறார்களோ என்று. யாரும் இல்லை. அன்றைக்குக் கோப்பியோடு உட்கார்ந்தவர்தான், அதிலிருந்து தினமும் உட்கார்ந்தார். கிழவர் கிரேன் மேலிருந்து பார்த்த கடலைப் பற்றிச் சொன்னார். கீழே நின்று கத்தும் வெள்ளைக்கார சூப்பர்வைசரைப் போல நடித்துக் காட்டினார். கீர்த்தனை பாடினார். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, மகளிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "எங்கப்பன் அடக்கத்துக்கு நான் போகல மாப்பிள. எங்கம்மா அழுது கூப்பிட்டாங்க. லயத்து வீட்டு வாசல்ல உக்காந்துகிட்டு வரமாட்டேன்னுட்டேன். இன்னிவரைக்கும் அதுக்கு வருத்தப்பட்டதும் இல்ல."

சிறு வயதிலேயே அப்பாவை இழந்த லியோனலுக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி சிம்மாசனமாகிவிட்டது. சனிக்கிழமைகளில்கூட ஒரு கிளாஸோடு எழுந்து, சீக்கிரமே ரயிலைப் பிடித்துவிடுவார். "என்ன அங்கிள், அவசரம்?" என்று கடைக்காரர்கள் கேட்டால், "மாமா காத்துக்கிட்டு இருப்பாரு" என்பார். சொல்லும்போது முகம் மலர்ந்திருக்கும்.

ஆகஸ்டில் சபையின் ஆண்டு விழா வந்தது. உறுதிமொழி தவறாமல் வாழ்ந்த ஹென்றிக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பொன்னாடை போர்த்தி, இளைஞர்களுக்கு அவரைப் பேசவைப்பதென்று பாஸ்டர் விமலன் முடிவு செய்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு டோரிஸின் ஜிஞ்சர். மாடிப்படிக்குக் கீழே சாடிகள் வரிசை கட்டி நின்றன.

முந்தின நாள் சனிக்கிழமை, அன்றைக்கு மட்டும் காலையிலேயே, லியோனல் ஒரு பாட்டிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். பிரவின் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கார் ஓட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு மது இல்லாத பானம் ஒன்று வேண்டும், நல்லதாக எங்கேயாவது கிடைக்குமா என்று. மனைவியின் கைவண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் ஆச்சு என்று இவருக்கு நினைப்பு. வழியில் பாட்டில் புஸ்ஸென்று சீறிக்கொண்டே வந்தது. எதிரே இருந்த மலாய்க்காரப் பெண் காலை மடக்கிக்கொண்டாள்.

பிரவின் பளபளக்கும் தொட்டிகளுக்கு நடுவே நின்று ஒரு கிளாஸில் ஊற்றினான். மோந்தான். லியோனலைப் பார்த்தான். ஒரு வாய் குடித்தான். திரும்பவும் பார்த்தான்.

"அங்கிள், இத யாரு பண்ணா?"

"என் வைஃப்தான். எப்படி?"

"ஆன்டி முன்னாடி எந்த பீர் புரூவரில வேல பாத்தாங்க?"

லியோனல் சிரித்தார். பிரவின் சிரிக்கவில்லை. உள்ளே போய் இரண்டு கருவிகளைக் கொண்டுவந்து, வைத்துப் பார்த்து, கணக்குப் போட்டு, சந்தேகப்பட்டு மறுபடியும் பார்த்தான்.

"அங்கிள், இது ஏழர பெர்சென்ட். என் கடையிலேயே ஸ்ட்ராங்கா இருக்கறது ஆறுதான் லா."

"என்ன ஏழர?"

"ஆல்கஹால்."

லியோனல் அந்தக் கிளாஸைப் பிடுங்காத குறையாக வாங்கினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடத் தேவையே இருக்கவில்லை. இஞ்சிக்கு அடியில், எலுமிச்சைக்கு அடியில், பச்சையாக, தெளிவாக, அது இருந்தது. குடித்தார். தொண்டையில் சூடாக இறங்கியது. ஆண்டவரே, அந்த வருஷம் முழுக்க அவர் குடித்ததிலேயே நல்ல பானம் அதுதான். அந்த நேரத்திலும் அது அவருக்குத் தோன்றியது, தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"நான் குடுத்த ஈஸ்ட்டா?" என்றான் பிரவின். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "அது போட்ட சீனியெல்லாம் தின்னு ஆல்கஹாலாக்கிடும் அங்கிள். லைசன்ஸ் வாங்க எனக்கு உசிரே போச்சு. ஆன்டி மாடிப்படிக்குக் கீழ கூலா காய்ச்சிட்டு இருக்காங்க. சர்ச்சுக்கு வேற!"

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் லியோனலுக்கு உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த பார் எங்கே என்று சிலாங்கூர் முழுக்கச் சுற்றியவர், எவன் கிளாஸில் என்ன கோளாறு என்று மோந்தே சொன்னவர், தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே எட்டு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்ததை ஒரு தடவை குனிந்து மோந்து பார்க்கவில்லை. கேரல் பாட்டு நினைவுக்கு வந்தது. நாற்காலியில் ஏறிய பாஸ்டர் நினைவுக்கு வந்தார். சுபாங் ஜெயா தாண்டும்போது இன்னொன்றும் வந்தது. "மாப்பிள, உக்காருங்க." அப்படியானால் கூப்பிட்டது கிழவர் இல்லையா? அந்தக் கீர்த்தனை, அந்தச் சிரிப்பு, அடக்கத்துக்குப் போகாத கதை, எல்லாமே அந்தச் சாடி பேசிய பேச்சா? சொன்னால் ஒரு கிழவரின் வாழ்நாள் விரதம் உடையும். சொல்லாவிட்டால் நாளைக்கு ஊரே கூடி நிற்க அவர் கையில் அதே கிளாஸ் இருக்கும். சாடியைக் கொட்டிவிட்டால் இவருடைய நாற்காலி போய்விடும். அந்த வயதில் ஒரு மனிதர் பிளாஸ்டிக் நாற்காலிக்காக ரயிலில் கண்கலங்கி நின்றார்.

டோரிஸ் அடுப்பங்கரையில் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லியோனல் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். அவள் கையிலிருந்த துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கப்பாவுக்கு நானே சாராயம் ஊத்திக் குடுத்திருக்கேன்" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். "பேக்கரிக்காரன் ஈஸ்ட்டுன்னுதான சொன்னீங்க? பேக்கரிக்காரன்னு சொன்னீங்கல்ல?"

லியோனல் அவள் கையிலிருந்த துணியை வாங்கி, மீதிக் கிளாஸ்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா செத்துப் போயிடுவாரு. நாளைக்கு சிரப் தண்ணி கலக்கிக் குடுத்துக்கலாம். இத எல்லாத்தையும் இப்பவே ஊத்துங்க."

ஹென்றி மதியத் தூக்கத்தில் இருந்தார். இரண்டு பேரும் சாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வாசல் சாக்கடையில் கவிழ்த்தார்கள். அந்தச் சந்து முழுக்க மணத்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து, ஒரு தலை எட்டிப் பார்த்து, நல்ல வாசனை என்று மலாயில் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. டோரிஸ் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

சாயங்காலம் கிழவர் வழக்கம்போல போர்ச்சில் வந்து உட்கார்ந்தார். லியோனலும் கோப்பியோடு உட்கார்ந்தார். டோரிஸ் இஞ்சியைக் கொதிக்கவைத்து, சீனி போட்டு, சோடா கலந்து, ஐஸ் மிதக்கக் கொண்டுவந்து கொடுத்தாள். ஹென்றி ஒரு வாய் குடித்தார்.

"இது என்ன?"

"ஜிஞ்சர்தாம்பா."

"இது இல்ல. அத கொண்டா."

"அது முடிஞ்சிடுச்சுப்பா. இதக் குடிங்க, இதுவும்..."

"நாளைக்கு சர்ச்சுக்குன்னு அத்தன சாடி வெச்சிருந்தியே, எங்க போச்சு?" குரல் ஏறியது. "காலையிலேருந்து கெடந்துட்டு சாயங்காலம் ஒரு கிளாஸ் கேக்கறேன். அதுக்கும் வழியில்லையா இந்த வீட்டுல? கழுவின தண்ணிய ஊத்திக் குடுக்கறியா எனக்கு?"

"அப்பா, கத்தாதீங்க..."

கிளாஸ் பறந்து வந்து டோரிஸின் காலடியில் சிதறியது.

லியோனல் எழுந்துவிட்டார். டோரிஸ் அசையவில்லை. அவள் பிறந்ததிலிருந்து அப்பா அவளை ஒரு அதட்டல் போட்டதில்லை. தெருவில் பந்து விளையாடிய பிள்ளைகள்கூட நின்று பார்த்தார்கள். ஆனால் அங்கே எல்லாரையும்விட அதிர்ந்து போனவர் ஹென்றிதான். கிளாஸை வீசிய கை இன்னும் நீட்டியபடியே நின்றது. அதை அவர் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எங்கப்பன் இப்படித்தான் நிப்பான்" என்றார் மெதுவாக. "எங்கம்மா முன்னாடி இப்படியேதான் நிப்பான்." பிறகு மருமகனிடம் திரும்பினார். "அதுல என்ன இருந்துச்சு?"

டோரிஸ் கண்ணால் வேண்டாம் என்றாள். லியோனலால் முடியவில்லை. ஈஸ்ட் வாங்கியது முதல் ஏழரை வரை எல்லாவற்றையும் சொன்னார். கிழவர் கேட்டுவிட்டு, கண்ணாடித் துண்டுகளைத் தாண்டி நடந்து, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டையும் டையுமாக வெளியே வந்தார். காரில் லியோனல் பக்கம் திரும்பவே இல்லை. பழையபடி ஆகிவிட்டது என்று லியோனலுக்குப் புரிந்தது. தன் பூசையை விட்டுவிட்டு மெதடிஸ்ட் கோயிலின் கடைசி வரிசையில், தண்டனைக்குக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைபோல உட்கார்ந்தார்.

பாஸ்டர் விமலன் புகழ்ந்து பேசிவிட்டுப் பொன்னாடையை விரித்தார். ஹென்றி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் பாஸ்டர். கிறிஸ்மஸ்லேருந்து முந்தாநாள் வரைக்கும் தெனமும் சாயங்காலம் நான் குடிச்சேன்."

கோயிலில் விசிறிக்கொண்டிருந்த காகிதங்கள் எல்லாம் நின்றன.

"வீட்டுல போட்ட ஜிஞ்சர், கடையில விக்கிற பீரவிட ஸ்ட்ராங்காப் போயிடுச்சாம். நீங்களும் குடிச்சீங்க, நாற்காலில ஏறினீங்க." யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். பாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்குத் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது. அதுக்காக நான் வெக்கப்படல. ஆனா நேத்து அத நிறுத்திட்டாங்க. நிறுத்தினவுடனே என் மகள் கால்ல கிளாஸ வீசினேன். அது தெரியாமச் செஞ்சது இல்ல."

முன்வரிசையில் டோரிஸ் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எத்தன வருஷமா இங்க நின்னு குடிகாரங்கள ஏசியிருக்கேன். மனசு இருந்தா விட்டுடலாம்னு சொல்லியிருக்கேன். எனக்கு மனசு பலம்னு நெனச்சேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அது என் நாக்குல பட்டதில்ல, அவ்வளவுதான். பட்ட எட்டு மாசத்துல, எண்பது வயசுக்கு மேல, என்ன அது புடிச்சிக்கிச்சு. எங்கப்பாவுக்குச் சின்ன வயசு. தெனமும் ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு வந்து குடிச்சாரு. அவர் அடக்கத்துக்கு நான் போகல. போயிருக்கணும்." பாஸ்டர் கையிலிருந்த பொன்னாடையைக் காட்டினார். "இந்தத் துணிய, குடிச்சுப் பழகி விட்டவன் எவனாவது இங்க இருப்பான், அவனுக்குப் போடுங்க. நான் விட்டவன் இல்ல."

படியில் இறங்கி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் ஆமென் சொல்லவில்லை, பாட்டு எடுக்கவில்லை. பாஸ்டர் அந்தப் பொன்னாடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் நடுவரிசையிலிருந்து லோரி ஓட்டும் ஒரு பெரிய ஆள் எழுந்துவந்து, கிழவர் முன்னால் நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். அவனுக்கு என்ன கதையோ, யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் லியோனல் அடுப்பங்கரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். கோப்பி ஆறிப்போயிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஹென்றி போர்ச்சில் உட்கார்ந்திருந்தார், வெறும் கைகள் மடியில். கிளாஸ் இல்லாத அந்த மனிதரிடம் போய் என்ன பேசுவது? அவரை இவருக்குத் தெரியும், அந்த மௌனத்தோடு எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறார். டோரிஸ் "போங்க" என்று சைகை காட்டினாள். கதவுவரைக்கும் போனார். கிழவரின் முதுகைப் பார்த்ததும் தைரியம் வரவில்லை. சத்தமில்லாமல் திரும்பினார்.

"என்ன மாப்பிள," என்றார் ஹென்றி, திரும்பிப் பார்க்காமலே. "நான் குடிச்சாத்தான் வந்து உக்காருவீங்களா?"